வாசிக்காமல் வாங்கும் கிட்டார்

தேனியிலோ தென்காசியிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க ஆசை. நாலைந்து மாடல்களை அடுத்தடுத்து எடுத்து வாசித்துப் பார்க்கும்படியான கடை அவர் ஊர்ப் பக்கம் இல்லை. சென்னைக்கு வந்தால் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் அண்ணா சாலையில் இருக்கிறது. வேறு கடைகளும் இருக்கின்றன. ஆனால் அவர் மனதில் வைத்திருக்கும் மாடல் அன்றைக்கு அங்கே இருக்குமா என்பது நிச்சயமில்லை. எனவே போனில் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு கூரியருக்குக் காத்திருக்கிறார். "வாசித்துப் பார்க்காமலா வாங்குகிறாய்?" என்று கேட்காத ஆள் இல்லை.

எலெக்ட்ரிக் கிட்டாரை அப்படி வாங்கலாம் என்பது என் கருத்து. அதன் ஓசை எப்படி இருக்குமோ என்று நாம் படும் கவலையில் பெரும்பகுதி தேவையற்றது. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தை வீட்டில் வைத்தே அளந்துவிட முடியும்.

முதலில் ஓசையைப் பார்த்துவிடுவோம். அக்கூஸ்டிக் கிட்டாரில் மேல் பலகைதான் காற்றை அசைக்கிறது. இரண்டு பலகைகள் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால், ஒரே மாடலில் இரண்டு கிட்டார்கள் வேறு வேறாகப் பாடும். அதை நேரில் கேட்காமல் வாங்குவது உண்மையிலேயே துணிச்சல்தான். எலெக்ட்ரிக்கில் அந்த வேலையை பிக்கப் பார்க்கிறது. காந்தத் துண்டுகளைச் சுற்றி, மயிரிழை அளவே தடிமனுள்ள தாமிரக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். எஃகுக் கம்பி அந்தக் காந்தப் புலத்துக்குள் அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபாரடே கண்ட அதே விதிதான். பிக்கப் கம்பியின் அசைவை மட்டுமே அறியும். உடல் மரத்தின் பங்கு, கம்பியின் ஆற்றல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதில் மறைமுகமாகத்தான் வருகிறது.

1940 வாக்கில் அமெரிக்க இசைக் கலைஞர் லெஸ் பால் இதைச் செய்தே காட்டினார். நான்கு அங்குலச் சதுரக் கட்டையில் கிட்டாரின் நெக்கை (கழுத்தை)ப் பொருத்தி, கம்பி கட்டி, பிக்கப் வைத்து வாசித்தார். கட்டையாகக் கொண்டுபோனபோது ரசிகர்கள் கண்டுகொள்ளவில்லை. இருபுறமும் கிட்டார் உடலின் பாதிகளை ஒட்டிக் கொண்டுபோனதும் பாராட்டினார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கட்டை பாடியதும் அதே ஓசையில்தான்.

ஆகவே பிக்கப் ஒரு சுருளா, ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருளா, அது கம்பிகள் உடலில் ஊன்றும் பிரிட்ஜ் பக்கம் இருக்கிறதா நெக் பக்கமா என்று விவரப் பட்டியல் சொல்லிவிட்டால், ஓசையின் குணத்தை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். ஒரே தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரே வகை பிக்கப்கள் பெரிதாக மாறுபடுவதில்லை. யூடியூப் வீடியோவைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் ஆபத்து. அங்கே நம் காதுக்கு வருவது ஆம்ப், ஒலிபெருக்கி, மைக், வாசிப்பவரின் விரல் எல்லாம் சேர்ந்த ஓசை. கேபிளுக்குக்கூட அதில் பங்கு உண்டு. கேபிளின் மின்தேக்கமும் பிக்கப்பின் மின்தூண்டலும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் வகை பிக்கப்பில் அது சுமார் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ். மூன்று மீட்டர் கேபிளுக்குப் பதில் ஆறு மீட்டர் கேபிளைச் செருகினால் அந்த உச்சம் கீழே இறங்கி, ஓசையின் கூர்மை குறையும்.

பட்டியலில் உண்மையாகவே படிக்க வேண்டியவை எண்கள். தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம் ஃபெண்டர் வகையில் 648 மில்லிமீட்டர். கிப்சன் நிறுவனத்தின் வகையில் சுமார் 628. வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர். ஆனால் கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. வழக்கமான 10-46 தடிமன் கம்பிச் செட்டை ஸ்ருதி சேர்த்தால், நீண்ட கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமமான விசையில் நெக்கை இழுக்கும். குட்டையானதில் 44 கிலோ. கம்பியை வளைத்து வாசிக்கும் புது விரல்களுக்கு இந்த ஆறு சதவீதம் நன்றாகவே தெரியும். நட்டின் அகலம் 42 மில்லிமீட்டரா 43-ஆ, கிட்டாரின் எடை மூன்றரைக் கிலோவா நாலரையா என்பதையும் பாருங்கள். நின்றுகொண்டு ஒரு மணி நேரம் வாசித்தால் தோள் அந்தக் கணக்கைக் கேட்கும்.

ஃபிரெட்போர்டு (விரல் அழுத்தும் பலகை) மரம் என்ற வரியில் இப்போது பல மலிவு கிட்டார்களில் 'இந்தியன் லாரல்' என்று இருக்கும். நம் ஊர்க் கருமருதுதான் அது. முன்பு அந்த இடத்தில் ரோஸ்வுட், அதாவது ஈட்டி மரம் இருந்தது. 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி ஈட்டி வகை மரங்களின் சர்வதேச வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு கட்டாயமானதும் கம்பெனிகள் மாற்று மரம் தேடின. 2019 இறுதியில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. ஆனாலும் கருமருது நிலைத்துவிட்டது. கடினமான மரம், தேய்மானத்தைத் தாங்கும். அதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம்.

எந்தப் பட்டியலிலும் எழுத முடியாத விஷயம் ஃபிரெட் வேலை, அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளைச் சீராக்கும் வேலை. நெக்கை வெட்டுவதும் ஃபிரெட்டுக்கான பள்ளங்களை அறுப்பதும் கணினி இயக்கும் இயந்திரங்கள். அதனால்தான் இன்றைய மலிவு கிட்டாரில் ஃபிரெட்டுகள் சரியான இடத்தில் இருக்கின்றன. அவற்றின் உச்சிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, முனைகளை உருட்டித் தேய்ப்பதற்கு ஆள் நேரம் தேவை. விலை குறையும்போது முதலில் குறைவது அந்த நேரம்தான். ஒரு ஃபிரெட் பக்கத்து ஃபிரெட்டைவிடக் கால் மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும், அதன் முன்னால் அழுத்தும் சுரங்கள் இரையும் அல்லது ஊமையாகிவிடும்.

மரமும் சும்மா இருப்பதில்லை. ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் ஊதும், வற்றினால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம். உலோக ஃபிரெட் மாறாது. இந்தோனேசியாவிலோ சீனாவிலோ செய்த கிட்டார் வட இந்தியக் கிடங்கு ஒன்றில் வறண்ட கோடையைக் கழித்துவிட்டு வந்தால், ஃபிரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். சென்னையின் ஈரக் காற்றில் சில நாள் இருந்தால் அதுவே தணிந்தும் போகலாம். பூச்சில்லாத ஃபிரெட்போர்டு ஈரத்தை வாங்க, பூச்சுப் போட்ட பின்பக்கம் வாங்காமல் இருக்க, நெக்கின் வளைவும் மாறும். அதனால் வந்த அன்று ஒருமுறை, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இன்னொரு முறை அளக்க வேண்டும்.

பெட்டி வந்ததும் சில மணி நேரம் அப்படியே அறையில் வைத்திருங்கள். பிறகு வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். முதலில் தலைப்பகுதி நெக்கோடு சேரும் இடத்தின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கிப்சன் வகையில் தலை 17 டிகிரி வரை பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் மர இழைகள் குறுக்காக வெட்டுப்பட்டிருப்பதால், பெட்டி மல்லாந்து விழுந்தால் அங்கேதான் விரிசல் விடும்.

அடுத்து ஆட்டோமொபைல் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ். பைக் மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கிற அதே தகட்டுக் கொத்து. கிட்டாரை முழு ஸ்ருதிக்குக் கொண்டுவந்து, வாசிக்கிற நிலையில் மடியில் வையுங்கள். தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்துங்கள். கம்பியே இப்போது நேர்கோடு. எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே 0.25 மில்லிமீட்டர் தகடு உரசிக்கொண்டு நுழைந்தால் நல்லது. அங்கே கம்பியைத் தட்டினால் மெல்லிய 'டிக்' கேட்கும். சத்தமே இல்லையென்றால் நெக் தட்டையாகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தால் வளைவு அதிகம். இரண்டையும் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இப்படிச் சரிசெய்ய வேண்டியிருப்பது குறையே அல்ல. ராடு அசையாவிட்டாலோ, நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ கிட்டாரைத் திருப்பி அனுப்புங்கள்.

உயர்ந்த ஃபிரெட்டைப் பிடிக்க ஏடிஎம் கார்டின் ஓரம் உதவும். அடுத்தடுத்த மூன்று ஃபிரெட்டுகள் மேல் நிறுத்தி ஆட்டுங்கள். முதல் சில ஃபிரெட்டுகளுக்கு நீள ஓரம், நடுவில் குட்டை ஓரம். மேலே போகப்போக இன்னும் குட்டையான நேர் ஓரம் வேண்டும். 'டக் டக்' என்று ஆடினால் நடு ஃபிரெட் உயர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள்: 22 ஃபிரெட், 6 கம்பி, 132 இடங்கள். ஏதாவது ஓரிடத்தில் சுரம் சட்டென்று செத்துப்போகும். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மன் ஸ்விக்கரும் 1990-களின் இறுதியில் இந்த 'டெட் ஸ்பாட்'களை ஆராய்ந்தார்கள். நெக்கின் சொந்த அதிர்வும் அந்தச் சுரமும் ஒத்துப்போனால் கம்பியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. அது எந்த இடம் என்பது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். ஒன்றிரண்டு இடத்தில் லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆம்பில் செருகியதும் ஒற்றைச் சுருள் பிக்கப் முனகினால் பயப்பட வேண்டாம். வீட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத்தான் அது கேட்கிறது. கம்பியைத் தொட்டதும் முனகல் குறைந்தால் கிட்டாரின் எர்த் இணைப்பு சரி. பிளக்கின் எர்த் பின் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 1972-இல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, மேடையில் மின்சாரம் தாக்கி இறந்தார்.

இவ்வளவையும் பார்க்க வாங்குபவருக்கு நாலைந்து நாளாவது வேண்டும். திருப்பி அனுப்ப வழியில்லாத கிட்டாரை, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.