அக்கா பொண்ணு பிரசிடெண்ட் ஆகணுமாம்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா பொண்ணு கேட்டாள்: "மாமா, நான் பஞ்சாயத்து பிரசிடெண்ட்டுக்கு நிக்கணும். இருபது வயசுதான் ஆகுது. நிக்க முடியுமா?"

அடுப்படியிலிருந்து அக்கா, "முதல்ல டிகிரியை முடிக்கச் சொல்லுடா அவளை" என்றாள். அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

விளையாட்டுக்குக் கேட்கிற பெண் இல்லை அவள். லீவுக்கு வரும்போதெல்லாம் கிராம சபைக்குப் போய் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிப்பாள். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வயசுக் கணக்கு

நம் அரசியல் சாசனப்படி மாநிலங்களவைக்கு 30 வயசு, மக்களவைக்கும் சட்டசபைக்கும் 25. உள்ளாட்சிக்கு மட்டும் 21 போதும். ஊராட்சிகளுக்கு 243-எஃப், நகராட்சிகளுக்கு 243-வி பிரிவு இதைச் சொல்கிறது. ஆக, 21-லிருந்து 25 வரை அரசியலில் ஆர்வமுள்ள ஒருவருக்குத் திறந்திருக்கிற ஒரே கதவு உள்ளாட்சிதான்.

அந்தக் கதவு திறந்த மறுநாளே உள்ளே போன ஒரு பெண் இருக்கிறார். கேரளத்தில் 2020 உள்ளாட்சித் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 19. பத்தனம்திட்டா மாவட்டத்து ரேஷ்மா மரியம் ராய்க்கு 21 வயசு முடிந்தது நவம்பர் 18. ஒருநாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் இழுபறிதான். மனு கொடுத்தார், ஜெயித்தார், அருவாப்புலம் ஊராட்சித் தலைவரும் ஆனார். அதே தேர்தலில்தான் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்த ஆர்யா ராஜேந்திரன் 21 வயசில் திருவனந்தபுரம் மேயரானார். செய்தியில் பார்த்தவர்களுக்கு அது திடீர் அதிர்ஷ்டம் மாதிரி தெரிந்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே குழந்தைகள் அமைப்பான பாலசங்கத்தின் மாநிலத் தலைவர், மாணவர் அமைப்பிலும் இருந்தவர். அதாவது, அனுபவம் வயசுக்கு முன்னாடியே ஆரம்பித்துவிட்டது.

பணமும் கட்சியும்

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், கிராம வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சி சார்பில்லாமல்தான் தேர்தல். ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சிச் சின்னம் வருகிறது. 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 300), செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். சட்டசபைக்கு டெபாசிட்டே 10,000, உச்சவரம்பு 40 லட்சம். காகிதத்தில் இருக்கிற கணக்கு இது. ஊரில் நிஜமாக எவ்வளவு இறங்கும் என்பது அவரவர் ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

இடஒதுக்கீடு என்ன செய்தது?

73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தபோது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. 2022-ல் 28 வயது பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானது, அந்தப் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால்.

இங்கே அத்தான் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்து ஊர்ல பார்க்கறோமே மாப்பிள்ளை. கையெழுத்து அந்தம்மா போடுது, பிரசிடெண்ட்னு எல்லாரும் கும்பிடறது வீட்டுக்காரரை."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனா அதோடு கதை முடியவில்லை. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் நடந்த ஆய்வு 2012-ல் சயின்ஸ் இதழில் வந்தது. பெண் தலைவருக்கு இரண்டு முறை ஒதுக்கப்பட்ட கிராமங்களில், வளரிளம் பையன்களின் ஆசைக்கும் பெண் பிள்ளைகளின் ஆசைக்கும் இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்திருந்தது. பெற்றோர் தங்கள் மகனுக்கும் மகளுக்கும் ஆசைப்படுவதில் இருந்த இடைவெளியும் 20 சதவீதம் குறைந்தது. நாற்காலியில் ஒரு பெண்ணைப் பார்த்தே வளர்ந்ததன் பலன் இது.

சுழற்சியில் ஒதுக்கீடு போய்விட்டால்? மும்பை மாநகராட்சி வார்டுகளை வைத்து ரிகில் பாவ்நானி 2009-ல் எழுதிய கட்டுரைப்படி, முந்தைய தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வார்டு பொதுவான பிறகும், அங்கே பெண் ஜெயிக்கும் வாய்ப்பு மற்ற வார்டுகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு.

"வீட்டுக்காரர் பிரசிடெண்ட்" பிரச்சினைக்கு ஒரு சின்ன விஷயம்: தமிழ்நாட்டு ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். எதற்குப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துப் போடுகிற பெண்ணை ஒதுக்கி வைப்பது அவ்வளவு சுலபமில்லை. கணக்குப் படிக்கிற பழக்கம் இவளிடம் ஏற்கெனவே இருக்கு.

எங்கே இடிக்கிறது?

சட்டத்தைப் படிக்கப் படிக்க எனக்கு உறுத்தியது வேறொன்று. சட்டசபைக்கு நிற்க, மாநிலத்தின் எந்தத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் போதும். ஊராட்சித் தலைவருக்கு நிற்க அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலிலேயே பேர் இருக்கணும். நியாயமான விதிதான். ஆனால் ஆணும் பெண்ணும் இதில் சமமா? ஊர்ப் பையன் இருபது வருஷம் அதே டீக்கடையில் உட்கார்ந்து ஆள் சேர்க்கலாம். பெண் பத்து வருஷம் ஓடியாடி ஊருக்கு வேலை செய்துவிட்டு, கல்யாணமாகி வெளியூர் போனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கணும். புது ஊரில் அவள் "இன்னார் மருமகள்", "இன்னார் பொண்டாட்டி". வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கும். பினாமித் தலைமை ஆரம்பிக்கிற இடங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். சட்டத்தில் எங்கேயும் எழுதியிராத தகுதி நீக்கம் இது.

இதை அவளிடம் சொன்னபோது அக்கா கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதே வரன் வர ஆரம்பித்திருக்கிற வீடு. யாரும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் நான்தான், "சரி, உன் ஓட்டு எங்கே இருக்கு?" என்றேன். போனில் தேடினாள். முகம் மாறிவிட்டது. காலேஜில் நடந்த முகாமில் ஹாஸ்டல் விலாசத்தில் பதிந்திருக்கிறாள்! கிராம சபை உறுப்பினர் என்றால் அந்த ஊர்ப் பட்டியலில் பேர் உள்ளவர்கள் என்றுதான் அர்த்தம். இத்தனை நாள் கணக்குக் கேட்டவள் சட்டப்படி அந்தச் சபையில் உறுப்பினரே இல்லை.

டிசம்பர் 2019-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், அவள் செய்ய வேண்டிய முதல் வேலை பெரிசாக ஒன்றுமில்லை: படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8.

கிளம்பும்போது அக்கா என்னிடம் தனியாகக் கேட்டாள்: "அந்தக் கேரளாப் பொண்ணுங்க வீட்டுல என்னடா சொன்னாங்களாம்?"

அதையும் தேடணும்.