மலையில் தண்ணீர் முந்திக் கொதிக்கும்: பழம் அடைக்க நினைக்கும் வியாபாரிகளுக்கு

நோட்டன் பிரிட்ஜில் பழக்கடை வைத்திருப்பவருக்கு விலையைவிடப் பெரிய கவலை மழைதான். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் தோட்டத்துச் சனம் பஸாருக்கு இறங்காது. லொறியில் வந்த அன்னாசி முதல் நாள் இலாபத்திற்குப் போகும், மூன்றாம் நாள் முதலுக்குப் போகும், அதற்குப் பிறகு மாட்டுக்குப் போகும். இலங்கையில் விளையும் பழம், காய்கறிகளில் 30 முதல் 40 வீதம் வரை வீணாகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஒரு பங்கு நமது கடைப் பின்கட்டிலேயே வீணாகிறது.

இந்தப் பழத்தைப் போத்தலில் அடைத்து வைத்தால் என்ன என்ற யோசனை பலருக்கு வருவதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் ஊறுகாய் போடுவதுபோல நினைத்து இதில் இறங்கினால் சாமானும் போகும், கடையின் பெயரும் போகும். முதல் தடவை செய்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இந்த வாரம் பார்ப்போம்.

கண்டுபிடித்தவரும் ஒரு கடைக்காரர்

உணவைப் போத்தலில் அடைத்துக் கொதிக்க வைத்துப் பாதுகாக்கும் முறையை உலகுக்குத் தந்தவர் விஞ்ஞானி அல்லர். பிரான்ஸில் இனிப்புப் பண்டம் செய்து விற்றுவந்த நிக்கொலா அப்பேர் என்ற வியாபாரி. பல வருடங்கள் போத்தலோடு போராடி வெற்றிகண்ட அவர், அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு பெற்று, 1810இல் தமது முறையைப் புத்தகமாக வெளியிட்டார். உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

நமது நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. நமது கடைத் தட்டுகளில் இருக்கும் 'எம்.டி.' ஜேம் போத்தலின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அரசாங்க விற்பனைத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள்தான் அவை. அந்தப் பெயர் இன்று தனியார் கம்பனியின் கையில் இருக்கிறது.

எந்தப் பழம், எது வேண்டாம்

இங்கே முதல் விதி புளிப்பு. புளிப்பு போதிய அளவில் உள்ள பழத்தைக் கொதிநீரில் வைத்தே பாதுகாக்கலாம். அன்னாசி, கொடித்தோடை, பிளம்ஸ் போன்றவை அந்த வகை. புளிப்புக் குறைந்தவற்றில் பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அதன் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத போத்தலுக்குள்தான் அவை செழித்து வளரும். நரம்புகளை முடக்கி உயிரையே பறிக்கும் அந்த நஞ்சு இருப்பது மணத்திலோ நிறத்திலோ தெரியாமலும் போகலாம்.

ஆகவே பப்பாசி, வாழைப்பழம், பலாப்பழம், ஆனைக்கொய்யா ஆகியவற்றில் முதல் தடவையிலேயே கை வைக்க வேண்டாம். காய்கறி, இறைச்சி, மீன், தேங்காய்ப்பால் சேர்ந்த கறி எதையும் வீட்டுப் பானையில் இப்படி அடைக்கவே கூடாது. அவற்றுக்கு அழுத்தத்தின் கீழ் 121 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும் தனி இயந்திரம் வேண்டும். சோறு சமைக்கும் சிறிய பிரஷர் குக்கர் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று, அழுகத் தொடங்கிய பழத்தை இந்த முறை காப்பாற்றாது. பழுத்தும் உறுதியாக இருக்கும் பழத்தையே எடுக்க வேண்டும். நாலாம் நாள் மிச்சத்தை அல்ல, மழை இருட்டிக்கொண்டு வரும்போதே, இரண்டாம் நாள் பழத்தை ஒதுக்கிவிடுபவரே இதில் இலாபம் காண்பார்.

செய்முறை

அன்னாசியையே எடுத்துக்கொள்வோம். தகரத்தில் அடைக்க மூடி பொருத்தும் இயந்திரம் வேண்டும் என்பதால் வீட்டுக்கு ஏற்றது கண்ணாடிப் போத்தல்தான். உட்புறம் ரப்பர் பூச்சுள்ள புதிய மூடிகளை வாங்குங்கள். பழைய ஜேம் போத்தல் மூடியை நம்பாதீர்கள்.

போத்தல்களைக் கழுவிச் சூடாகவே வைத்திருங்கள். தோலும் நடுத்தண்டும் நீக்கிய பழத்தைத் துண்டுகளாக்கி, நான்கு கோப்பை தண்ணீருக்கு ஒரு கோப்பை சீனி என்ற அளவில் காய்ச்சிய பாணியில் போட்டு, 10 நிமிடம் மெல்லிய சூட்டில் வையுங்கள். சூடு ஆறுமுன் போத்தலில் நிரப்பி, மேலே அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். உள்ளே நிற்கும் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, வாய்விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள். அடியில் துணி விரித்த பெரிய பானையில் சூடான நீருக்குள் நிறுத்துங்கள். மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது நீர் நிற்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பின்னரே நேரத்தை எண்ண வேண்டும்.

மலைநாட்டுக் கணக்கு

இங்கேதான் நம்மவர்கள் தவறுவது. நுவரெலியாவில் பருப்பு வேக நேரம் பிடிக்கும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் நோட்டன் பிரிட்ஜில் சுமார் 97 பாகையிலும், நுவரெலியா நகரில் சுமார் 94 பாகையிலும் கொதிக்கும். பானை தளதளவென்று கொதிப்பது ஒரேமாதிரித்தான் தெரியும், ஆனால் சூடு ஒன்றல்ல.

அதனால் நேரத்தைக் கூட்டியே ஆகவேண்டும். அரை லீற்றர் அன்னாசிப் போத்தலுக்குக் கரையோரத்தில் 15 நிமிடம் போதும். நோட்டன் பிரிட்ஜிலும் ஹற்றனிலும் 20 நிமிடம். நுவரெலியா நகரில் 25 நிமிடம். கொழும்பில் செய்தவர் சொன்ன கணக்கையோ, இணையத்தில் பார்த்த கணக்கையோ அப்படியே இங்கே செய்தால் போத்தல் மூடியிருக்கும், உள்ளே பழம் நொதித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிட எரிவாயுவை மிச்சம்பிடித்து ஒரு பானைச் சாமானை இழப்பது வியாபாரமாகாது.

இறக்கிய போத்தல்களை 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் ஆறவிடுங்கள். மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி, விரலால் அழுத்தினால் அசையாமல் இருக்க வேண்டும். 'டக்' என்று மேலெழும்பினால் அது மூடவில்லை. அன்றே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். பின்னாளில் மூடி உப்பினாலோ, கசிந்தாலோ, நுரை வந்தாலோ ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள். நமது ஈரக் காற்றில் மூடி துருப்பிடிக்கும் என்பதால், சுவரோடு ஒட்டாத உலர்ந்த தட்டில் அடுக்குங்கள்.

விற்பனைக்குப் போகுமுன்

முதல் பத்துப் போத்தல் பாடம், சரக்கல்ல. ஒரு கொப்பியில் திகதி, பழத்தின் நிறை, கொதித்த நேரம், பழுதான போத்தல் எத்தனை என்று எழுதி வாருங்கள். இரண்டு கிழமை கழித்து ஒன்றைத் திறந்து பாருங்கள். செலவுக் கணக்கில் பழத்தோடு போத்தல், மூடி, சீனி, எரிவாயு, கூலி, பழுது எல்லாம் சேர வேண்டும். மிச்சப் பழம் மலிவு. பல வேளைகளில் போத்தலும் மூடியுமே அதைவிடக் கூட நிற்கும்.

கடையில் வைத்து விற்பதென்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்துவிடுகிறீர்கள். பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அவர் தேடி வருமுன் நீங்களே போய்ச் சந்தியுங்கள். செய்யும் இடத்தைக் காட்டுங்கள். பெயர், சேர்மானம், தேறிய நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி ஆகியவை லேபலில் இருக்க வேண்டும். தொழில்நுட்ப ஆலோசனைக்குக் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. சிறு கைத்தொழில் வழிகாட்டலுக்குக் கைத்தொழில் அபிவிருத்திச் சபை இருக்கிறது. கேட்கப் போகாதது நமது குறைதான்.

சந்தை தூரத்தில் இல்லை. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் வாகனங்களில் ஒரு பகுதி கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வழியாகத்தான் மஸ்கெலியா, நல்லதண்ணிக்கு ஏறுகிறது. அந்த ஆறு மாதத்திற்கு முன்பே கொப்பியைத் திறந்து, பத்துப் போத்தலில் தொடங்குங்கள். அந்தப் பத்தையும் உங்கள் பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்க முடிந்தால், பதினோராவது போத்தலுக்கு விலை எழுதலாம்.