வெடியின் நடுக்கத்தை அளக்கும் பெட்டி

சுரங்கத்தில் பாறைக்குள் வைக்கும் வெடியின் ஆற்றல் முழுவதும் பாறையை உடைப்பதில் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பகுதி நில அதிர்வாகப் பரவி, அக்கம்பக்கத்து வீடுகளையும் எட்டுகிறது. இதை அளக்கும் கருவி ஜியோபோன். உள்ளே ஒரு காந்தமும், வில்சுருளில் தொங்கும் கம்பிச்சுருளும்தான். நிலத்தோடு சேர்ந்து காந்தம் ஆடும், கம்பிச்சுருள் பின்தங்கும். அப்போது பிறக்கும் மின்னழுத்தம் நிலம் ஆடிய வேகத்தைச் சொல்லிவிடும். மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு என மூன்று திசைக்கும் மூன்று ஜியோபோன்கள் ஒரே பெட்டியில் இருக்கும். பெட்டி தரையில் இறுகப் பதியாவிட்டால் அளவே பொய்.

வெடி வைக்கும் துளைக்குள்ளும் ஓர் அளவீடு உண்டு. வெடிமருந்தோடு இறக்கிய மின்தடைக் கம்பி, வெடிப்பு முன்னேற முன்னேறக் குறுகிக்கொண்டே வரும். மின்தடை குறையும் விதத்தை வைத்து வெடிப்பு ஓடிய வேகத்தைக் கணக்கிடலாம். அது வினாடிக்குப் பல ஆயிரம் மீட்டர்.

நிலத்தில் பரவும் அதிர்வுகளில், அதிர்வெண் குறைந்ததே கட்டடங்களுக்கு அதிக ஆபத்து. எனவே, இந்தியச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-ல் விதித்த வரம்பின்படி, 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வில், சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு வினாடிக்கு 5 மில்லிமீட்டர் வேகமே அனுமதி. வரலாற்றுச் சின்னங்களுக்கு 2 மில்லிமீட்டர்தான்.