கருவியும் கைப்பழக்கமும்

மூக்குக்கண்ணாடியை அணிந்தவுடன் மங்கலாயிருந்த எழுத்துத் தெளிவாகிவிடுகிறது. காது கேட்கும் கருவியும் அத்தகையதே என்று பலர் எண்ணுகின்றனர். வாங்கிக் காதில் செருகினால் போதும் என்பது அவர்கள் நினைப்பு. உண்மை அதுவன்று. கருவியை ஆக்குவது தொழிற்சாலை. அதனை ஒருவருடைய செவிக்கு இசைவாக்குவது பயின்ற மனிதரின் கையும் அறிவும். அப்பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை, இத்துறை மாணவர்களை மேற்பார்வையிட்டுவரும் பழக்கத்தைக்கொண்டு கூற விரும்புகிறேன்.

நம் நாட்டில் இக்கல்விக்கு வழிகோலிய நிலையங்களுள் ஒன்று, 1965-ல் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிலையம். இத்துறையின் பட்டப் படிப்பு 4 ஆண்டுகள். இறுதி ஆண்டு செய்முறைப் பயிற்சிக்கே உரியது. அதற்கு முன்னரும் மாணவர் நோயாளிகளை அணுகுவதுண்டு, ஆனால் தனித்தன்று. முதலில் ஆசிரியர் செய்வதைப் பார்க்கிறார். அடுத்து, ஆசிரியர் அருகிருக்கத் தாமே செய்கிறார். பின்னர், ஆசிரியர் விலகி நின்று நோக்கச் செய்கிறார்.

இத்துணைக் காவல் எதற்கு? காதுக்கு அச்சு எடுப்பதையே பாருங்கள். செவிக்குழாயின் நீளம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். அதன் முடிவில் மெல்லிய செவிப்பறை. நூல் கட்டிய சிறு பஞ்சினை உள்ளே தடுப்பாக வைத்த பின்னரே, இளகிய அச்சுப் பொருளைச் செலுத்த வேண்டும். தடுப்புச் சரியாக அமையாவிடில், அப்பொருள் பறைவரை சென்று இறுகிவிடக்கூடும். அதனை அகற்ற அறுவை மருத்துவமே தேவைப்படலாம். விளக்கினால் காதை நோக்கும்போது மாணவர் தம் விரலை நோயாளியின் கன்னத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். குழந்தை திடீரென்று தலையை அசைத்தால் கையும் உடன் அசையும், காது புண்படாது. இதனை ஏட்டில் படித்தவர் பலர். பழக்கத்தில் கொண்டவரே தேர்ந்தவர்.

அடுத்தது கேள்திறனை அளத்தல். ஒலி கேட்டால் 10 டெசிபல் குறைப்பதும், கேளாவிடில் 5 டெசிபல் கூட்டுவதும் எளிய விதியே. ஆனால் செவிட்டுக் காதில் செலுத்திய வலிய ஒலி, மண்டையோட்டின் வழியே மறு காதுக்குச் சென்றுவிடும். நல்ல காது கேட்டதைக் கெட்ட காது கேட்டதாக மாணவர் குறித்துக்கொள்வார். இதைத் தவிர்க்க, நல்ல காதில் இரைச்சலைச் செலுத்தி அதை மறைக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்று தீர்மானிப்பதில்தான் மாணவர் தடுமாறுகின்றனர்.

அளவுகோலுக்கு அகப்படாதது ஒன்றும் உண்டு. "இப்போது நன்றாகக் கேட்கிறதா, ஐயா?" என்று வினவினால், நம் பெரியவர்கள் பலர் மரியாதைக்காகவே தலையசைத்துவிடுவர். அத்தலையசைப்பை நம்பி மாணவர் வேலையை முடித்துவிடக் கூடாது. உதட்டை மறைத்துக்கொண்டு கட்டு, தட்டு, பட்டு என்று சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்யுமாறு நான் கூறுவதுண்டு. இவற்றிடையே வேற்றுமை முதல் மெய்யில் மட்டுமே. கூரிய ஒலிகள் கேளாதவர்க்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றக்கூடும். அப்போதுதான், ஓசையைப் பெருக்கியது போதாது, எந்தச் சுருதியில் எவ்வளவு பெருக்குவது என்பதை மீண்டும் திருத்த வேண்டும் என்பது மாணவர்க்குப் புலனாகும்.

பொருந்தாத கருவி பெட்டிக்குள் உறங்கும். முதியவர்க்கு அதனால் வருவது தனிமை. குழந்தைக்கோ இழப்பு இன்னும் பெரிது. மொழி வேரூன்றும் இளம் பருவம் காத்திராது.

ஆதலின், உங்கள் காதை ஒரு மாணவர் சோதிக்கையில் ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்துவாராயின், காலம் வீணாகிறதென்று சலிப்படையாதீர்கள். கேட்பது தெளிவில்லையாயின் தயங்காமல் 'இல்லை' என்று சொல்லுங்கள். அவ்வொரு சொல் உங்களுக்கும் நன்மை. நாளை அம்மாணவரிடம் வரும் பலர்க்கும் நன்மை.