உள்ளே வரக் கூடாத தண்ணீர்!

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. ஆனால் சமுத்திரம் உண்டு! மலைக்கு அருகே உள்ள பெரிய ஏரிக்குச் "சமுத்திரம் ஏரி" என்று பெயர். கடலைப் பார்க்காத இந்த ஊர்க்காரர்களுக்கும், பாய்ப்படகு மூழ்காமல் இருக்கும் ரகசியத்தில் பாதி ஏற்கனவே தெரியும். எப்படி என்று பார்ப்போம்.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி கடற்படை அதிகாரி. இவரும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் "தாரிணி" என்ற பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் புறப்பட்டு, 2025 மே 29-ந் தேதி திரும்பினார்கள். படகின் நீளம் சுமார் 56 அடிதான்!

இத்தகைய படகுகளுக்குப் புயலும் அலையும் எதிரிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத எதிரி ஒன்று உண்டு. அது படகிலேயே இருக்கும் ஓட்டை!

ஓட்டை எதற்கு?

சமையல் தொட்டித் தண்ணீர் வெளியே போக வேண்டும். படகின் அடியில் கசிந்து தேங்கும் நீரைப் பம்பு வெளியேற்ற வேண்டும். அதற்காகப் படகின் உடலில் துளை போட்டுக் குழாய் வைக்கிறார்கள். (நம் கட்டுமரத்துக்கு இந்தக் கவலையே இல்லை. மரங்களுக்கு இடையே வந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும்!)

வெளியே போகும் வழி உள்ளே வரும் வழியும் ஆகும் அல்லவா? ஒன்றரை அங்குலத் துளை, நீர் மட்டத்துக்கு 2 அடி கீழே இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். நம் வீட்டுக் குடத்தில் 9 குடம்! துறையில் கட்டிப் போட்ட படகு, காற்றே இல்லாத இரவில் ஓசைப்படாமல் மூழ்குவது இப்படித்தான்.

துளையை நீர் மட்டத்துக்கு மேலே வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் பாய் விரித்ததும் படகு ஒரு பக்கம் சாயும். மேலே இருந்த துளை தண்ணீருக்குள் போய்விடும்.

கிணற்றடிப் பாடம்

"புட் வால்வு மாதிரி ஒன்றைப் போட்டால் போயிற்று" என்று கிணற்றுப் பம்புசெட் வைத்திருப்பவர் சொல்வார். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் மூடி அது. ஆனால் அதில் ஒரு சருகு சிக்கினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். குழாய்த் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே திரும்பிவிடும். சாணியைக் கரைத்து ஊற்றிக் கசிவை அடைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்!

படகிலும் அதே கதைதான். ஒரு தலைமுடி, ஒரு நூல் போதும். மூடி சரியாக மூடாது. அதைத் தள்ளித் திறக்க வேண்டியிருப்பதால் பம்பின் வேகமும் குறையும். ஆகவே அனுபவசாலிகள் அதை மட்டும் நம்புவதில்லை.

அவர்கள் குழாயையே வளைத்து விடுகிறார்கள். அன்னத்தின் கழுத்தைப் போல உயரே ஏற்றி, பிறகு துளைக்கு இறக்குகிறார்கள். படகு சாய்ந்தாலும் வளைவின் உச்சி நீர் மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் குழாயைப் போட்டு ஒரு முறை உறிஞ்சிவிட்டால், எண்ணெய் தானாக வந்துகொண்டே இருக்கும். அதுபோல, பம்பு நின்ற பிறகு குழாய் நிறைந்திருந்தால், கடல் நீர் அந்த வளைவையும் ஏறிக் கடந்து உள்ளே வரும். அதனால் உச்சியில் காற்றுப் புக ஒரு சிறு வழி வைக்கிறார்கள். காற்றுப் புகுந்ததும் நீர்த் தொடர் அறுந்துவிடும்.

வெண்கலமும் மரமும்

துளையின் வாயிலேயே ஒரு அடைப்புக் குழாயும் உண்டு. படகை விட்டு இறங்கும்போது அதை மூட வேண்டும். தானாக ஓடும் பம்பின் வழியை மட்டும் மூடக் கூடாது. இந்த அடைப்பு வெண்கலத்தில் இருப்பது நல்லது. சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல் நீர் அரித்துவிடும். பார்வைக்கு முழுசாக இருக்கும், தட்டினால் உடையும்.

எல்லாம் கைவிட்டால்? பழைய ஏரித் தூம்பின் துளையை மரக் குழவியால் அடைப்பார்கள் அல்லவா? அதே வித்தைதான். ஒரு முனை கூராக, மறுமுனை பருமனாகச் சீவிய மென்மரக் கட்டை. அதைத் துளையில் வைத்து அடித்தால் நீரில் ஊறி இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு துளைக்கும் அருகிலேயே ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இருட்டில், தண்ணீர் பீறிட்டு வரும்போது, அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.