பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி: ஃபார்மட் வேண்டாம், அப்படியே நகலெடுங்கள்

2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அந்த முதல் சில வருஷத்து மெஷின்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் (வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத பதிப்பு), கூடவே பாஸ் லினக்ஸ். படித்த பிள்ளை வேலைக்குப் போய்விட, இப்போது அதில் அப்பா கணக்கு எழுதுகிறார். ராம் குறைவு என்பதால் விண்டோஸ் எதற்கெடுத்தாலும் டிஸ்க்கைத்தான் நாடும். அதனால் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றினாலே மெஷினுக்கு உயிர் வந்துவிடும்.

கடையில் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்: "ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டுடலாம் சார், டி டிரைவை மட்டும் காப்பி பண்ணித் தர்றோம்." இதில்தான் சிக்கல். டெஸ்க்டாப்பில் போட்டது, மை டாக்குமெண்ட்ஸில் சேமித்தது எல்லாம் இருப்பது சி டிரைவில். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் உண்டு.

திண்டிவனத்தில் பத்திரம் எழுதும் அண்ணன் ஒருவர் மகளுடைய லேப்டாப்பைத்தான் பல வருஷமாக வைத்திருக்கிறார். அவருடைய வரைவுகள் எல்லாமே வானவில் எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடை அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் கை பழகிய கீபோர்டை யார் விடுவார்கள்? பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் உண்மையில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான் இருக்கும். அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுப்பது எழுத்துரு. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கோப்பு பத்திரமாகவே இருக்கும், திறந்தால் ஒரு வரி புரியாது. "ஃபைல் எல்லாம் இருக்கு தம்பி, எழுத்துதான் இல்ல" என்று நாலு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செந்தமிழ், பாமினி பயன்படுத்தும் டி.டி.பி. கடைகளுக்கும் இதே கதைதான்.

ஆகவே என் கட்சி இது: கோப்புகளைப் பொறுக்கி எடுக்காதீர்கள், டிஸ்க்கை முழுசாக குளோன் செய்யுங்கள். எழுத்துரு, கீபோர்டு மென்பொருள், பிரிண்டர் செட்டிங், லினக்ஸ் பூட் மெனு எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

குளோன் செய்யும் முன் பழைய டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலமாக இருந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ காட்டினால் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், சி5 என்பது படிக்கத் திணறுகிற செக்டர்கள். சி5-இல் எண் இருந்தால் அந்த மெஷினில் அதற்கு மேல் வேலையே பார்க்காதீர்கள். அண்ணனுடையதில் இருந்தது.

நல்ல டிஸ்க்குக்கு குளோன்ஜில்லா போதும். பென் டிரைவிலிருந்து பூட் செய்வதால் உள்ளே விண்டோஸ் ஓடாது, அரைகுறை நகல் வராது. திணறும் டிஸ்க்குக்கு ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ. இது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, கடைசியில் திரும்ப வந்து முயலும். குறிப்புக் கோப்பை, அதாவது மேப் ஃபைலை, வேறொரு பென் டிரைவில் வைத்தால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பேட்டரி செத்த லேப்டாப்பும் நம்ம ஊர் மின்வெட்டும் சேரும்போது இதன் அருமை தெரியும்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். விலை குறைவு என்று 256 ஜி.பி. வாங்குவார்கள், பழையது 320. சின்ன டிஸ்க்குக்கு குளோன்ஜில்லா சாதாரணமாக ஒத்துக்கொள்ளாது, பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டி வரும். அந்த அறுவை சிகிச்சையை நோயாளி டிஸ்க்கில் செய்யக்கூடாது. 480 அல்லது 500 வாங்கிவிடுங்கள். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன், எஸ்.எஸ்.டி. 7 மி.மீ.; சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் கூடவே வந்தால் ஆடாது.

எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. - சாட்டா கேபிளில் மாட்டி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். எது மூலம், எது நகல் என்பதை ஜி.பி. அளவை வைத்து இரண்டு தடவை சரிபாருங்கள். திசை மாறினால் வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கை அழித்துவிடும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் நொடிக்கு 30 எம்.பி. போலத்தான் கடத்தும், 320 ஜி.பி. முழுசாகப் போக மூன்று மணி நேரம் ஆகும். அண்ணனுடையது திணறித் திணறி ராத்திரி முழுக்க ஓடியது.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யை மட்டும் உள்ளே மாட்டி பூட் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரே அடையாள எண் என்று விண்டோஸ் குழம்பும். பிறகு கோப்புகளை எண்ணிப் பார்ப்பதோடு நிற்காமல் திறந்து பாருங்கள்: பழசு, புதுசு, பெரிய போட்டோ, ஒரு பத்திரம். அண்ணன் 2014-ஆம் வருஷ வரைவு ஒன்றைத் திறந்து, எழுத்தெல்லாம் சரியாக வருகிறதா என்று பிரிண்ட்டே எடுத்துப் பார்த்தார்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. குளோன் அதை மாற்றாது. பேங்க் வேலையை அந்த மெஷினில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கழற்றிய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம். அண்ணனுடையது தேதி எழுதி ஒட்டிய கவரில், பீரோவில் இருக்கிறது.