பவளத்துக்கும் சூடு ஆகாது!

பவளம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தாலியில் கோக்கும் சிவப்பு மணிதான். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. நான் சொல்லப்போவது அதன் தூரத்து உறவைப் பற்றி. நம் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே, 21 தீவுகளைச் சுற்றி வளரும் பவளப் பாறைகள்!

"பாறைன்னா கல்லுதானே, அதுக்கு ஏது உசிரு?" என்று கேட்டார் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறி போட்டிருக்கும் அக்கா.

உயிர் இருக்கிறது. பூப்போன்ற மிகச் சிறிய பிராணிகள் கூட்டங்கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பால் கட்டிக்கொள்ளும் வீடுதான் அது. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறது. வாடகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பாசி தந்ததே.

எங்கள் ஊர்ச் சாயப் பட்டறையில் சூடு ஏறினால்தான் பட்டில் சாயம் பிடிக்கும். கடலில் நேர்மாறு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். பாசி நச்சை உண்டாக்க, பவளம் அதை வெளியே தள்ளிவிடும். அப்புறம் வெள்ளை வெளேர்! மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இந்த வெளுப்பு கடுமையாக வந்தது.

ஆனால் வெளுத்ததெல்லாம் செத்ததல்ல. பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி மறுபடி குடியேறும், நிறமும் திரும்பும். சூடு நீடித்தால்தான் ஆபத்து. 2016-ல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அளந்தபோது, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 ஆகக் குறைந்திருந்தது. மான்கொம்புபோல் கிளைவிட்டவை அதிகம் மடிந்தன. உருண்டு திரண்டவை தாக்குப்பிடித்தன. உயிருள்ள துண்டுகளை எடுத்து நட்டு வளர்க்கும் பணியையும் அந்த நிலையத்தார் செய்துவருகிறார்கள்.

இதனால் நமக்கென்ன? மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலும், கரைக்கு அலை தடுக்கும் மதிலும் இந்தப் பாறைகளே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தார்கள். 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கடலைக் குளிரவைப்பது ஒரு வீட்டால் ஆகிற காரியமல்ல. நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பது உலகெங்கும் குறைய வேண்டும். ஆனால் ஊட்டமுள்ள குழந்தை காய்ச்சலைத் தாங்குவதுபோல, சுத்தமான நீரில் உள்ள பவளம் தேறுவதும் சுலபம். அதனால் ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போகும் சகோதரிகளே, பிளாஸ்டிக் பையையும் பழந்துணியையும் கடலில் விடாதீர்கள். அழகாக இருக்கிறதே என்று பாறைப் பவளத்தை வாங்கி வராதீர்கள். 2001 முதல் அது சட்டப்படி குற்றம். குழந்தை கேட்டால், "அது கல்லு இல்லடா கண்ணா, ஒரு கூட்டுக் குடும்பத்தோட வீடு" என்று சொல்லுங்கள். அதற்குப் புரியும்.